எல்லாவற்றையும் திருப்பி வைக்கும் திருடன்

குற்றவாளி என்று துப்பறிவாளர் கைகாட்டிய பெண், வாசலை ஒட்டிய சோபாவில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எல்லோர் கண்ணெதிரிலும் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பாஸ்வேர்டைக் காலையிலேயே பறித்துவிட்டார்கள். அடையாள அட்டை முதலாளியின் சட்டைப் பையில் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனி மறுபடியும் நின்றுபோனது.

முதலில் பில் அடிக்கும் பிரிண்டர் ஓய்ந்தது. அப்புறம் கிடங்கிலிருந்து, "இங்கயும் நின்னுடுச்சு!" என்று ஒரு குரல். கம்ப்யூட்டர் திரைகளில் எல்லாம் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. பில் போடுகிறவர்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, வழக்கம்போல் மேனேஜர் அறையைப் பார்த்து ஓடினார்கள்.

துப்பறிவாளருக்குக் காது இரண்டும் சுட்டது. சோபாவின் பக்கம் திரும்பாமல் இருக்க, சுவரில் தொங்கிய தீயணைப்புக் கருவியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய்," என்றாள் பக்கத்தில் நின்ற அக்கா, உதடு அசையாமல். "உன் குற்றவாளி அங்க உட்கார்ந்து நகத்தைப் பார்த்துட்டு இருக்கா. கம்பெனியைக் கால் கட்டைவிரலால நிறுத்துறாளோ?"

அக்கா என்றால் உடன்பிறந்த அக்காதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் சும்மா இருந்தால் கை கால் விளங்காது என்று தம்பியிடம் உதவியாளராகச் சேர்ந்துவிட்டாள். ஆட்கள் காதில் விழுந்தால் 'சார்', விழாவிட்டால் 'டேய்'. இந்த ஒப்பந்தத்தை அவள் இதுவரை மீறியதில்லை.

ஊரில் இருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் மொத்தமாக மருந்து அனுப்புகிற கம்பெனி அது. கொஞ்ச நாளாக ஒரு பீடை. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு எல்லாக் கம்ப்யூட்டரும் ஒன்றாக உறைந்துபோகும். சில நாள் சீக்கிரம் சரியாகும். சில நாள் இழுத்தடிக்கும். சரியான பிறகு பார்த்தால் எதுவும் காணாமல் போயிருக்காது, எதுவும் மாறியிருக்காது. யாரோ உள்ளிருந்தே கழுத்தை அறுக்கிறார்கள் என்று முதலாளி துப்பறிவாளரை அழைத்தார். அவரும் வந்தார், பார்த்தார், நேற்று மாலை எல்லா ஊழியரையும் கூட்டிவைத்து சிஸ்டம் மேடத்தைக் கைகாட்டினார்.

சிஸ்டம் மேடம் என்பது அந்தப் பெண்ணுக்கு ஆபீசில் வைத்த பெயர். கம்பெனியின் மொத்த விவரமும் அடங்கிய டேட்டாபேஸ் அவள் பொறுப்பில் இருந்தது. சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் திருடர். நேற்று இது துப்பறிவாளருக்கு மிகவும் புத்திசாலித்தனமாகத் தோன்றியது.

முதலாளி மூச்சு வாங்க வந்தார். "என்ன சார் இது? அந்தம்மாகிட்ட இருந்து எல்லாத்தையும் வாங்கிட்டோம். அப்புறம் எப்படி நிக்குது?"

"விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்."

"ஆஸ்பத்திரி வண்டி வெளியே நிக்குது சார். பில் இல்லாம ஒரு பெட்டி ஏத்த முடியாது. சாயங்காலம் அவங்களை வேலையை விட்டு அனுப்பறதா இருக்கேன், உங்க பேச்சை நம்பி. தப்புன்னா இப்பவே சொல்லுங்க."

"இன்னும் கொஞ்ச நேரம் குடுங்க," என்றார் துப்பறிவாளர்.

முதலாளி போனதும் அக்கா தம்பியின் முழங்கையை இடித்தாள். "போ. போய் அவகிட்டயே கேளு."

"என்னன்னு கேக்கறது?"

"நேத்து என்ன புரியலையோ, அதை."

துப்பறிவாளர் திடுக்கிட்டார். "எனக்குப் புரியலைன்னு யார் சொன்னது?"

"நீ ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து இப்படித்தான் தலையாட்டுறே. வாத்தியாரை ஏமாத்தலாம், என்னை ஏமாத்த முடியுமா?"

சோபாவுக்கும் அவருக்கும் நடுவில் நாலு எட்டுதான் இருக்கும். நடந்து முடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. பெண் நிமிர்ந்து பார்த்தாள். அழுத கண் இல்லை. அழுதிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரு சின்ன சந்தேகம்," என்று ஆரம்பித்தார்.

"சாருக்குச் சின்ன சந்தேகம் எல்லாம் வராதும்மா," என்றாள் அக்கா. "பெருசாத்தான் வரும்."

"நேத்து மீட்டிங்ல நீங்க விளக்கினீங்க இல்லையா... அதுல ஒரு விஷயம் எனக்குச் சரியாப் புரியல."

"எது?"

துப்பறிவாளர் தன் ஷூவைப் பார்த்தார். "எல்லாமே."

அவள் கைப்பையை இறுக்கிக்கொண்டாள். "வரிக்கு வரி தலையாட்டினீங்களே சார்."

"ஆட்டினேன்."

"புரியாமலா என் பேரைச் சொன்னீங்க?"

துப்பறிவாளருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்ட வாய், ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்ல மட்டும் கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"இப்பச் சொன்னா கேட்டுக்கறேன்," என்றார். "சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். அன்பாகச் சொன்னாள் என்று சொல்ல முடியாது. ஆனால் தெளிவாகச் சொன்னாள்.

"முன்னெல்லாம் இங்க கடை விற்பனைக்கு ஒரு நோட்டு, கிடங்குக்கு ஒரு நோட்டு. ஒரே மருந்து, ஒரு நோட்டுல இருக்கும், இன்னொண்ணுல இருக்காது. கடைசிப் பெட்டியை ரெண்டு ஆஸ்பத்திரிக்கு வித்துட்டு ரெண்டு பேர்கிட்டயும் திட்டு வாங்குவாங்க. அதுக்குத்தான் டேட்டாபேஸ். எல்லாருக்கும் ஒரே இடம், ஒரே உண்மை. சரியா?"

துப்பறிவாளரின் தலை தானாக ஆடப் பார்த்தது. அடக்கிக்கொண்டார். "இதுவரைக்கும் புரியுது."

"ஒரே இடம்னா ரெண்டு பேர் ஒரே நேரத்துல கை வைப்பாங்க இல்ல? அதனால ஒருத்தர் ஒரு மருந்தோட விவரத்தை மாத்த ஆரம்பிச்சா, அவர் முடிக்கிற வரைக்கும் அதை வேற யாரும் மாத்த முடியாம அது பூட்டி வச்சுக்கும். லாக்னு சொன்னேனே, அதான். அவர் 'கமிட்'னு குடுத்தா மாத்தினது நிலைச்சுடும். 'ரோல்பேக்'னு குடுத்தா பழையபடி ஆயிடும். ரெண்டுல எதைக் குடுத்தாலும் பூட்டு விட்டுடும்."

"ரெண்டையும் குடுக்கலைன்னா?"

"மத்தவங்க காத்திருக்கணும். நிக்குதுன்னு எல்லாரும் கத்தறாங்களே, எதுவும் நிக்கல சார். வரிசையில காத்துக்கிட்டிருக்கு."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட, இது நம்ம கதை! போன் பேசிட்டு ரிசீவரைச் சரியா வைக்காமப் போயிடுவாங்க. பேசறதுக்கு ஆள் இருக்காது, ஆனா லைன் பிஸி. ஊர்ல இருக்கிறவன் எல்லாம் எங்களைத் திட்டுவான். நாங்க என்ன பண்ணுவோம்? அந்த வீட்டுக்கு ஆள் அனுப்பி ரிசீவரை எடுத்து வைக்கச் சொல்லுவோம்."

"அதேதான்மா," என்றாள் பெண், முதல் முறையாகக் கொஞ்சம் தளர்ந்து. "நான் இங்கிருந்தே அந்த லைனை வெட்டிடுவேன். ஆனா எந்த வீடுன்னு தெரியல. ஆபீஸ்ல எல்லாரும் 'பொது'ங்கிற ஒரே பேர்லதான் உள்ள போறாங்க, அதுவும் ஒரே சர்வர் வழியா. ஆளுக்கு ஒரு பேர் குடுங்க, யார் எதைத் தொடலாம்னு வரம்பு வைங்கன்னு நான் எத்தனையோ தடவை கேட்டேன். மேனேஜர் சார், 'நம்ம ஆளுங்களை நம்பலையா'ன்னு தட்டிக் கழிச்சுட்டார்."

"அந்த லைன்ல என்ன பேச்சு நடந்தது? அது தெரியுமா?"

"ஒரு நாள் பார்த்துட்டேன். அதையும் நேத்து சொன்னேன். எல்லா மருந்தோட விலையையும் பத்து சதவீதம் ஏத்தறதுக்குப் போட்டிருந்தாங்க. போட்டுட்டு முடிக்கல. விலையும் இருப்பும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு. அதனால எல்லா மருந்தும் மொத்தமாப் பூட்டிக்கிச்சு. இருப்பைக் குறைக்க முடியாம பில் எப்படி வரும்?"

துப்பறிவாளருக்கு நினைவு வந்தது. இதைத்தான் நேற்று அவர் ஆயுதமாக எடுத்தார். 'விலை ஏற்ற முயன்றார்கள் என்று இவருக்கு எப்படித் தெரியும்? செய்தவருக்குத்தானே தெரியும்!' என்று மேஜையைத் தட்டினார். சிலர் ஆஹா என்றார்கள். இப்போது அந்த ஆஹா காதில் விழுந்தது, செருப்படிபோல்.

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே ஆஸ்பத்திரி வண்டியின் டிரைவர் டயரை உதைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, வியாபாரம் பண்றவன் எவனாவது எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி பத்து சதவீதம் ஏத்துவானா? பஞ்சுக்கும் பத்து, ஊசிக்கும் பத்து?"

"ஏத்த மாட்டான். கணக்குப் புத்தகத்துல வர்ற வியாபாரிதான் ஏத்துவான். 'ஒரு வியாபாரி தன் சரக்கின் விலையைப் பத்து சதவீதம் உயர்த்தினால்'னு..." அக்கா பாதியில் நிறுத்தினாள்.

"பயிற்சிக் கணக்கு," என்றார் துப்பறிவாளர். "ஏத்திப் பாரு, அப்புறம் பழையபடி மாத்திப் பாருன்னு பாடத்துல இருக்கும். அதனாலதான் எதுவும் காணாமப் போகல. எடுத்ததை எல்லாம் திருப்பி வச்சுட்டுப் போற திருடன். இங்க யாரோ டேட்டாபேஸ் படிக்கிறாங்க."

"படிக்கிறவங்க என்கிட்ட கேட்டிருப்பாங்களே," என்றாள் பெண். "நான் பக்கத்துலயேதானே இருக்கேன்."

"கேக்க வெட்கமா இருந்தா?"

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நேத்து மீட்டிங்ல முதலாளி, 'எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல'ன்னு நேராவே சொன்னார். பில் போடுறவங்க கேள்வி மேல கேள்வி கேட்டாங்க. ரெண்டே பேர்தான் எல்லாத்துக்கும் தலையாட்டினது. நடுவுல, 'இதை எப்படிச் சொல்றது'ன்னு நான் எனக்குள்ளேயே முனகினேன். அதுக்கும் ஆட்டினீங்க. நீங்களும், மேனேஜர் சாரும்."

துப்பறிவாளருக்கு முகமெல்லாம் அசடு வழிந்தது. உண்மை அதைவிடக் கேவலம். எங்கே ஆட்டுவது என்று தெரியாமல், எதிரே இருந்த மேனேஜரைப் பார்த்து அவர் ஆட்டும்போதெல்லாம் இவர் ஆட்டினார். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியது போல. அந்தப் பையனும் ஒன்றும் படிக்காமல் வந்திருக்கிறான்.

"கம்பெனி நின்னா எல்லாரும் எங்க ஓடுறாங்க?" என்று கேட்டார்.

"மேனேஜர் ரூமுக்கு. வேற எங்க?"

"அக்கா, உன் ஆபரேட்டர் குரல் இன்னும் இருக்கா?"

"எனக்கு வயசாச்சு, என் குரலுக்கு ஆகல."

"அந்த ரூம்ல இருக்கிற கூட்டம் மொத்தமா வெளியே வரணும். மேனேஜர் மட்டும் தனியா இருக்கணும்."

"அவர்தான்னா பிடிச்சு உலுக்காம, தனியா விடச் சொல்றீங்களா சார்?"

"தனியா விட்டா கம்பெனி சரியாயிடும்."

மேனேஜர் அறையில் கால் வைக்க இடமில்லை. பில் போடுகிறவர்களும் கிடங்கு ஆட்களும் மேஜையைச் சுற்றி நின்று, ஏதாவது செய்யுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். மேனேஜர், நரைத்த தலையும் மடிப்புக் கலையாத சட்டையுமாக, இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, "பார்க்கலாம், பார்க்கலாம்," என்றார். வியர்வை காலரை நனைத்திருந்தது.

அக்கா கதவில் நின்று ஒரு குரல் கொடுத்தாள். "முதலாளி கிடங்குக்குக் கூப்பிடுறார்! ஒருத்தர் விடாம, இப்பவே!"

கூட்டம் கலைந்து ஓடியது. "நீங்க போங்க," என்று மேனேஜர் பின்னால் இருந்து சொன்னார். "நான் இதோ வந்துடுறேன்."

கதவு சாத்திக்கொண்டது. துப்பறிவாளர் பில் பிரிண்டரின் பக்கத்தில் போய் நின்றார். அவர் நினைத்தது தவறாக இருந்தால் இரண்டு நாளில் இரண்டாவது ஆள்மேல் அபாண்டம். வேர்த்துவிட்டது.

பிரிண்டர் ஒரு தடவை கனைத்தது. பிறகு காத்திருந்த பில்களை எல்லாம் கடகடவென்று துப்பத் தொடங்கியது.

"ரிசீவரை வச்சுட்டான்," என்றாள் அக்கா.

துப்பறிவாளர் கதவைத் தட்டாமல் திறந்தார். மேனேஜர் அவசரமாக மௌஸைத் தேடினார், திரையை மறைக்க. பிறகு கையை எடுத்துவிட்டார். டிராயர் பாதி திறந்திருந்தது. உள்ளே செல்போன், அதில் நிறுத்தி வைத்த பாடம், சுருட்டாமல் கிடந்த இயர்போன்.

"எத்தனாவது பாடம் சார்?" என்று மெதுவாகக் கேட்டார் துப்பறிவாளர்.

மேனேஜர் டிராயரை மெதுவாகச் சாத்தினார். "இங்க பெட்டி தூக்கத்தான் சேர்ந்தேன். படிப்படியா இந்த ரூமுக்கு வந்தேன். கம்ப்யூட்டர் வந்தப்போ எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. 'எனக்குத் தெரியும்'னு சொல்லிட்டேன். அன்னைக்குச் சொன்னது, இன்னைக்கு வரைக்கும் காப்பாத்த வேண்டியிருக்கு. ஆளுக்கு ஒரு பேர், வரம்புன்னு அந்தப் பொண்ணு கேட்டப்போ என்ன கேக்குதுன்னே புரியல. அதனால வேண்டாம்னேன். என் பையன்கிட்ட கேட்டேன். 'இதுகூடத் தெரியாதாப்பா'ன்னு சிரிச்சான். அப்புறம்தான் சாப்பாட்டு நேரத்துல கதவைச் சாத்திக்கிட்டு நானே படிக்க ஆரம்பிச்சேன்."

"கம்பெனி டேட்டாபேஸ்லயா?"

"எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே. பழையபடி திருப்பிடலாம்னு பாடத்துல சொன்னாங்க, யாருக்கும் கெடுதல் இல்லைன்னு நினைச்சேன். முதல் பாதியைப் போடுவேன். யாராவது கதவைத் தட்டுவாங்க. இந்த வயசுல ஏபிசிடி படிக்கிறதைப் பார்த்துடுவாங்களேன்னு மறைச்சுடுவேன். அதுக்குள்ள எல்லாம் நின்னுபோச்சுன்னு கூட்டமா வந்துடுவாங்க. அவங்க போனாத்தான் நான் முடிக்க முடியும். முடிச்சாத்தான் அவங்க போவாங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"இது உங்களாலதான்னு எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்து. அந்தப் பொண்ணு 'லாக்'னு சொன்னப்போதான். அந்தப் பாடம் அப்பத்தான் கேட்டிருந்தேன்."

"தெரிஞ்சுமா அவங்களைக் காட்டினப்போ சும்மா இருந்தீங்க?"

மேனேஜர் முதல் முறையாக நிமிர்ந்தார். "நீங்க தலையாட்டினீங்க சார். அந்தப் பொண்ணு சொன்ன ஒவ்வொண்ணும் உங்களுக்குப் புரிஞ்சிருக்குன்னு நினைச்சேன். நானா இருந்தா இவர் கண்டுபிடிச்சிருப்பாரேன்னு உங்க வாயையே பார்த்துட்டு இருந்தேன். நீங்க அந்தப் பொண்ணு பேரைச் சொன்னதும், அப்பாடா, நான் இல்லைன்னு நிம்மதியா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். ராத்திரி மனசு கேக்கல. நானா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இன்னைக்கு மறுபடி போட்டுப் பார்த்தேன். பிரிண்டர் நின்னுடுச்சு. எழுந்து சொல்ல வாய் வரல."

துப்பறிவாளர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நேரம் தன் தலையாட்டல் தன்னை மட்டும்தான் ஏமாற்றியது என்று நினைத்திருந்தார். அது ஒரு குற்றவாளிக்கு நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்திருந்தது.

"மெஷின் கோளாறுன்னு சொல்லிடுங்களேன்," என்றார் மேனேஜர், கெஞ்சும் குரலில். "அந்தப் பொண்ணும் தப்பிச்சுடும். உங்களுக்கும் கௌரவமா இருக்கும்."

உங்களுக்கும் கௌரவமா இருக்கும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், துப்பறிவாளர் அதை எடைபோட்டுப் பார்த்தார். அப்படிப் பார்த்தார் என்பதையும் அக்கா பார்த்துவிட்டாள்.

"அவங்க பார்த்துக்கற மெஷின் சார் அது," என்றார் கடைசியில். "கோளாறுன்னா அதுவும் அவங்க தலையிலதான் விழும்."

கிடங்கில் முதலாளி யாரையும் கூப்பிடவில்லை என்று தெரிந்துகொண்ட கூட்டம், முதலாளியையும் கூட்டிக்கொண்டு ஹாலுக்குத் திரும்பியிருந்தது. நேற்று நின்ற அதே ஆட்கள். துப்பறிவாளர் சோபாவுக்கு எதிரே போய் நின்றார். நேற்று கணீரென்று வந்த குரல் இன்று இரண்டு தடவை முயன்ற பிறகுதான் வந்தது.

"நேத்து நான் இவங்க பேரைச் சொன்னேன். அது தப்பு. இவங்க காரணத்தை எனக்கு விளக்கமாச் சொன்னாங்க. எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியல. புரியலைன்னு சொல்ல வெட்கப்பட்டு, இவங்களையே குற்றவாளி ஆக்கிட்டேன்."

"அப்ப யாரு?" என்றார் முதலாளி.

துப்பறிவாளர் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்து, "நான்தான் முதலாளி," என்றார் மேனேஜர். முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவதற்கு யாரை முதலில் எடுத்துக்கொள்வது என்று அவருக்கே குழப்பம். பிறகு ரெண்டு பேரும் என் ரூமுக்கு வாங்க என்பது போல் கையைக் காட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துப் பெண்ணிடம் நீட்டினார்.

அவள் உடனே வாங்கவில்லை. "ஆளுக்கு ஒரு பேர். இன்னைக்கே," என்றாள். முதலாளி சரி என்றார். அதன்பிறகுதான் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க," என்றார் துப்பறிவாளர். "நேத்து சொன்னதை நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். கோபமாகச் சொல்லவில்லை. சற்று முன் பாடம் சொன்ன அதே குரலில்தான் சொன்னாள்.

"கமிட் குடுக்கிறதுக்கு முன்னாடிதான் சார் திருப்பி எடுத்துக்க முடியும். நீங்க நேத்து எல்லார் முன்னாடியும் சொன்னீங்க, எல்லாரும் கேட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. என் வீட்டுக்கும் அது வந்துடுச்சு. என் அம்மா ராத்திரி, 'நீ எடுத்தியா'ன்னு என்னைக் கேட்டாங்க." அவள் நகர்ந்து, பிறகு நின்றாள். "கமிட் ஆனது ஆனதுதான். அதுக்கு மேல வேணும்னா இன்னொண்ணு எழுதலாம். புரியுதா சார்?"



துப்பறிவாளருக்கு இந்த முறை ஒரு வார்த்தை விடாமல் புரிந்திருந்தது. தலைதான் அசையவில்லை.